குழி விழுந்த தோலும் அதன் வியாபாரமும்

சில ஆண்டுகளாக எங்கள் தோட்டத்துப் பெண்மக்களின் வாயில் ஒரு புதிய சொல் புழங்கி வருகின்றது. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குவோர் முதல் பட்டணத்துக் கடைகளில் நின்று விற்கும் இளம்பெண்கள் ஈறாகப் பலரும் அதனை அறிவர். ‘செல்லுலைட்’ என்பதே அச்சொல். தொடையிலும் பிட்டத்திலும், சிலருக்கு வயிற்றிலும் மேற்கையிலும், தோல் ஒரே மட்டமாய் இராமல் ஆங்காங்கே உள்வாங்கி, ஆரஞ்சுப் பழத்தின் தோலைப்போல மேடு பள்ளமாய்த் தோன்றுவதற்கு மேல்நாட்டார் இட்ட பெயர் அது. கைத்தொலைபேசியைத் திறந்தால் போதும். அதைப் போக்கும் பசை, அதைக் கரைக்கும் காப்பித்தூள், அதை உருட்டியெடுக்கும் இயந்திரம் என்று விளம்பரங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன.

பெண்களின் தொடையைப் பற்றி ஓர் ஆண்மகன் பத்திரிகையில் எழுதுவதா என்று முகஞ் சுளிக்கும் பெரியவர்கள் இருக்கக்கூடும். பணம் பறிக்கிறவன் கூசாமற் பேசுகிற ஒரு பொருளைப் பணம் பறிகொடுக்கிற வீட்டான் மட்டும் கூசிக்கொண்டு பேசாதிருந்தால், அதனால் இலாபம் யாருக்கு என்பதை அவர்களே யோசித்துக் கொள்ளட்டும். மேலும், இக்கட்டுரையை அனுப்புமுன் என் மனைவி இதனை முழுதும் படித்து, இரண்டிடங்களில் அடித்துத் திருத்தியும் கொடுத்தாள். ஆகவே துணிந்து எழுதுகின்றேன்.

நான் டாக்டர் அல்லன். ஒரு தோட்டத்து ஆபீஸில் செக்ரோல் எழுதும் கிராணி. கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்ட காலத்திற் பள்ளியில் இருந்தவனாதலால், ஆங்கில மருத்துவ ஏடுகளை அகராதியின் துணைகொண்டு ஒருவாறு படித்தறிய இயலுகின்றது. அவ்வாறு படிக்கும்படி இரண்டு காரியங்கள் என்னை நெருக்கின. ஒன்று என் குடும்பத்தில் நேர்ந்தது. மற்றொன்று தோட்டத்தில் நேர்ந்தது. பின்னதை அதற்குரிய இடத்திற் சொல்வேன்.

என் மனைவியின் தங்கை ஈப்போவில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கின்றாள். சம்பளம் மாதம் 1,800 வெள்ளி. அவளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், “அத்தான், 900 வெள்ளி கைமாற்றாகக் கிடைக்குமா?” என்று கேட்டாள். நகைக்கோ புடவைக்கோ என்று நினைத்து விசாரித்தால், கைப்பையிலிருந்து ஆங்கிலத்தில் அச்சிட்ட ஓர் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினாள். உடலை மெலிய வைப்பதாகச் சொல்லும் ஒரு நிலையத்தில் 24 தடவை சிகிச்சை. மொத்தம் 3,600 வெள்ளி, மாதம் 300 வீதம் பன்னிரண்டு தவணை. மூன்று தவணை கட்டியாகிவிட்டது. அடுத்த மூன்றிற்குக் கையில் பணமில்லை. இலவசப் பரிசோதனை என்று கேள்விப்பட்டு உள்ளே போனவளின் தொடைச் சதையை அங்கிருந்த பெண் இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, விளக்கைச் சாய்வாகக் காட்டி, கண்ணாடியிற் பார்க்கச் சொல்லியிருக்கின்றாள். “இது இரண்டாம் நிலைக்கு வந்துவிட்ட நோய். உடம்பிலுள்ள நச்சுநீர் வெளியேறாமல் தங்கிவிட்டது. பிள்ளை பெற்றபின் தீர்க்கவே முடியாது. மாப்பிள்ளை பார்த்தால் என்ன நினைப்பார்?” என்றும் கேட்டிருக்கின்றாள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, “அடி பைத்தியமே, எனக்குந்தான் அது இருக்கிறது. அம்மாவுக்கும் இருந்தது. உன் அத்தான் இத்தனை ஆண்டுகளில் அதைக் கண்டுபிடித்தாரா என்று கேட்டுப் பார்” என்றாள். நாங்கள் சிரித்தோம். தங்கை சிரிக்கவில்லை. கண்ணாடியில் தன் உடம்பைப் பார்க்கவே மனம் வரவில்லை என்று சொல்லி அழுதாள். ஏறக்குறைய ஒரு வருஷத்துக் கடன் தலைமேல் இருந்தது. அதனினும் பாரமாய், தான் ஒரு நோயாளி என்ற எண்ணம் இருந்தது. அன்றிரவுதான் நான் ஏடுகளைத் தேடத் தொடங்கினேன்.

தோலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை அறிந்துகொண்டால் பாதிப் பயம் தீரும். பழைய நாளில் இலவம்பஞ்சு மெத்தை தைப்பவரை நம்மிற் சிலர் பார்த்திருப்பார்கள். மேலுறையையும் கீழுறையையும் சேர்த்து, ஆங்காங்கே ஊசி விட்டு இறுக்கி முடிச்சிடுவார். முடிச்சு விழுந்த இடம் குழியும். இரண்டு முடிச்சுகளுக்கிடையே பஞ்சு உப்பி நிற்கும். நம் தேகத்திலும் தோல் மேலுறையாகவும், தசையைப் போர்த்திய சவ்வு கீழுறையாகவும், இடையிலுள்ள கொழுப்புப் பஞ்சாகவும் இருக்கின்றன. இரண்டையும் பிணைக்கும் நார்கள் உண்டு. பெண்களுக்கு இந்நார்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழாகச் செங்குத்தாய் ஓடுகின்றன. ஆதலால் அவற்றிற்கிடையே உள்ள கொழுப்பு அறைகள் பெரியனவாய், மேல்நோக்கிப் பிதுங்க இடந்தருவனவாய் இருக்கின்றன. ஆண்களுக்கோ நார்கள் சாய்வாய்க் குறுக்கும் நெடுக்கும் ஓடி, மீன்வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. அறைகள் சிறியன, மேல்தோலும் தடித்தது. அதனால் கொழுத்த ஆணின் தொடையிலுங்கூட இக்குழிகளைக் காண்பது அரிது. இவ்வேறுபாட்டை 1978ம் ஆண்டில் நூர்ன்பெர்கர், முல்லர் என்னும் இரு ஜெர்மானிய மருத்துவர்கள் விளக்கி எழுதினார்கள். 2002ம் ஆண்டில் தேகத்தைக் கீறாமலே உள்ளே படம் பிடிக்கும் காந்தக் கருவியைக் கொண்டு செய்த ஆய்வில், மனித தேகத்தின் நார்கள் அவ்வளவு ஒழுங்காய் இரண்டே வகையாய் அமைந்திரா என்று தெரிந்தது. ஆயினும் செங்குத்து நார்கள் குழியுள்ள பெண்களிடத்தே மிகுதி என்ற அடிப்படை மாறவில்லை.

இனிக் காரணத்தைப் பார்ப்போம். இது பருவமடையுமுன் பெரும்பாலும் தோன்றுவதில்லை. பருவமடைந்தபின் தோன்றுகிறது. கருவுற்ற காலத்தில் கூடுவதும் உண்டு. ஆண்மைச் சுரப்பு குறைந்த ஆண்களுக்கும், சில நோய்களின் பொருட்டுப் பெண்மைச் சுரப்பு மருந்தாகக் கொடுக்கப்பட்ட ஆண்களுக்கும் இக்குழிகள் தோன்றக் கண்டிருக்கின்றார்கள். ஆகவே பெண்மைச் சுரப்பாகிய ஈஸ்ட்ரோஜனுக்கு இதிற் பங்குண்டு என்று மருத்துவர் கொள்கின்றனர். தாய்வழி தந்தைவழி வரும் உடல்வாகும் ஒரு காரணம். வயது ஏற ஏறத் தோல் மெலிந்து தளர்வதால் குழி மேலும் தெரியும். உடல் பருத்தால் அறைகளிற் கொழுப்பு நிறைந்து மேடு உயரும். ஆனால் மெலிந்த பெண்களுக்கும், நாள்தோறும் ஓடியாடும் விளையாட்டு வீராங்கனைகளுக்கும் இது இருக்கின்றது. பருவமடைந்த பெண்களில் நூற்றுக்கு 80 முதல் 90 பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு என்பது மருத்துவ ஏடுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் மதிப்பீடு. பத்துப் பெண்களில் எட்டு ஒன்பது பேருக்கு இருப்பதை நோய் என்றால், இல்லாத அந்த ஒருத்தியைத்தான் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும்! ‘நச்சுநீர்’ என்று அந்நிலையத்தார் சொன்னதற்கு நான் படித்த ஏடு எதிலும் ஆதாரம் இல்லை. 1998ம் ஆண்டில் அமெரிக்காவில் சிலர், குழியுள்ள இடத்தின் திசுவையும் இல்லாத இடத்தின் திசுவையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கொழுப்பின் இயல்பிலோ இரத்த ஓட்டத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. நார்கள் அமைந்த விதமும் தோலடியிற் கொழுப்புப் பிதுங்கிய விதமுமே வேறாயிருந்தன.

அப்படியானால் இது எப்போது நோயாயிற்று? இச்சொல்லின் வரலாறு மிகவும் ருசிகரமானது. 1873ம் ஆண்டில் லித்ரே, ரோபன் என்பார் வெளியிட்ட பிரஞ்சு மருத்துவ அகராதியில் இது காணப்படுகின்றது. அங்கே இதற்குப் பொருள் திசுவின் அழற்சி, அஃதாவது மெய்யான ஒரு வியாதி. 1920ம் ஆண்டில் அல்கியே, பாவியோ என்னும் பிரஞ்சு மருத்துவர்கள் பெண்களின் தோலடித் தடிப்பைப் பற்றி எழுதும்போது இச்சொல்லை எடுத்தாண்டனர். பின்னர் 1933ம் ஆண்டில் பாரிஸில் வெளியான ‘வோத்ர் போத்தே’ என்னும் அழகுக்கலைச் சஞ்சிகை இதைப் பெண்வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்தது. மருத்துவர் அறையிலிருந்து அலங்கார அறைக்கு அச்சொல் குடிபெயர்ந்தது அப்போதுதான். 1968ம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் ‘வோக்’ சஞ்சிகை அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடத்தி அதை ஆங்கிலத்தில் இறக்குமதி செய்தது. 1973ம் ஆண்டில் நியூயார்க்கில் அழகு நிலையம் நடத்திய நிக்கோல் ரொன்சார்ட் என்னும் பெண்மணி இதன் பெயராலேயே ஒரு புத்தகம் எழுதினார். புத்தகம் அமோகமாய் விற்றது. குழிகள் அதற்கு முன்னும் இருந்தன. மாட்ரிட் நகரத்துப் பிராடோ காட்சிசாலையிலுள்ள ‘மூன்று தேவியர்’ என்னும் சித்திரத்தை ரூபென்ஸ் 1630களில் வரைந்தார். அதிலுள்ள மூன்று பெண்களின் தொடையிலும் பிட்டத்திலும் அக்குழிகளைத் தெளிவாகக் காணலாம். அவர் அவற்றை அழகென்று கருதியே வரைந்திருக்கின்றார். நம் பாட்டிமாரும் பால்மரக் காட்டில் கைலியை வரிந்து கட்டிக்கொண்டு வேலை செய்தவர்கள்தாம். அவர்களுக்கும் இருந்திருக்கும். பெயர் மட்டும் இல்லை. பெயரில்லாததற்கு மருந்து விற்க முடியாதல்லவா?

‘இரண்டாம் நிலை’ என்று என் மைத்துனியிடம் சொன்னார்களே, அதன் கதை இன்னும் வேடிக்கை. மேலே சொன்ன இரு ஜெர்மானியர்கள்தாம் அந்த நிலைகளை வகுத்தவர்கள். கிள்ளிப் பிடித்தாலும் குழி தோன்றாவிடின் பூச்சியம். கிள்ளினால் மட்டும் தோன்றினால் ஒன்று. நிற்கும்போது தானாகத் தெரிந்து படுத்தால் மறைந்தால் இரண்டு. நின்றாலும் படுத்தாலும் தெரிந்தால் மூன்று. கிள்ளிப் பார்த்தால் ஏறக்குறைய எந்தப் பெண்ணும் ஒன்றாம் நிலைக்கு வந்துவிடுவாள் என்பது வெளிப்படை. அந்த மருத்துவர்கள் தங்கள் கட்டுரைக்கு இட்ட தலைப்போ, செல்லுலைட் என்று சொல்லப்படுவது ஒரு புனையப்பட்ட நோய் என்பது. புனைவு என்று அவர்கள் சொன்னதை மறைத்துவிட்டு, அவர்களுடைய அளவுகோலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, இன்று கடைதோறும் பெண்களை அளக்கின்றார்கள்.

நிற்க. சிகிச்சை என்று எதுவுமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, ஆனால் எது எவ்வளவு செய்யும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். மலிவானது பசை. பெரும்பாலான பசைகளிற் காப்பியின் சத்தாகிய கஃபீன் இருக்கின்றது. அது தோலடியிலுள்ள நீரைச் சற்றுக் குறைப்பதால் சில மணி நேரம் தோல் இறுகினாற்போற் காணும். பூசுவதை நிறுத்தினால் பழையபடி ஆகும். நாரை அது தொடுவதே இல்லை. ரெட்டினால் என்னும் சத்து நூற்றுக்கு 0.3 பங்கு சேர்ந்த பசையை ஆறு மாதம் விடாமற் பூசினால் தோல் சிறிது தடித்து, குழி கொஞ்சம் மங்கலாகத் தெரியக்கூடும் என்று சில ஆய்வுகள் சொல்லுகின்றன. கருவுற்ற பெண்களும் கருவுற விரும்பும் பெண்களும் அதைத் தவிர்க்க வேண்டும் என்பதை விற்பவன் சொல்வதில்லை. அடுத்தது பிடித்துவிடுதல். உருளைகள் பூட்டிய இயந்திரம் தோலை உறிஞ்சி உருட்டுகின்றது. இதுவும் பிரான்ஸில் பிறந்ததுதான். 1999ம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அமினோபிலின் என்னும் மருந்துப் பசையையும் இந்த இயந்திரத்தையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பயன்படுத்திப் பார்த்தார்கள். இரண்டாலும் செல்லுலைட்டுக்குப் பயனில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. பிடித்துவிட்டால் உடம்புக்குச் சுகமாயிருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. அச்சுகத்திற்கு எங்கள் லயத்துப் பாட்டி பத்து வெள்ளி வாங்கிக்கொண்டு, காப்பியும் குடித்துவிட்டுப் போவார்.

ஒலியலையால் தட்டும் கருவி ஒன்றுண்டு. சில வாரங்கள் செய்தால் ஓரளவு மாற்றம் தெரிவதாக ஆய்வுகள் உள. அது எவ்வளவு காலம் நிற்கும் என்பது ஐயம். மெய்யாகவே காரணத்தைத் தொடுவது நாரை அறுக்கும் முறை ஒன்றே. தோலை மரத்துப்போகச் செய்து, மெல்லிய ஊசிக் கத்தியை உள்ளே செலுத்தி, குழியை இழுத்துப் பிடிக்கும் நாரை வெட்டி விடுகின்றார்கள். மெத்தையின் முடிச்சை அறுத்தாற்போல் அவ்விடம் எழும்புகின்றது. பலன் ஆண்டுக்கணக்கில் நிற்பதாகக் கண்டிருக்கின்றனர். ஆழமான தனித்தனிக் குழிகளுக்கே இது பொருந்தும். தளர்ந்த தோலின் அலையை இது மாற்றாது. சில வாரங்கள் கன்றிப்போதல், வலி ஆகியவையும் உண்டு. தகுதி பெற்ற டாக்டர் செய்ய வேண்டிய காரியம். பொட்டு வைத்துப் புருவம் திருத்தும் கடையிற் செய்யத்தக்கதன்று. நாரைக் கத்தியின்றி மருந்தாற் கரைக்கலாமே என்றும் முயன்றார்கள். கிருமி ஒன்றிலிருந்து எடுத்த கொலாஜனேஸ் என்னும் சத்தை ஊசியாகப் போடுவதற்கு 2020ம் ஆண்டு ஜூலையில் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. செல்லுலைட்டுக்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் ஊசிமருந்து அதுவே. ‘க்வோ’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. ஊசி போட்ட இடம் பெரிதாய்க் கன்றி, தோலின் நிறம் நெடுநாள் மாறியே இருந்ததால், 2022ம் ஆண்டு டிசம்பரில் அதைச் செய்த கம்பெனியே அதன் உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்திவிட்டது. இத்தனை செல்வமும் விஞ்ஞானமும் உடைய நாட்டிலேயே முடிவு இதுவானால், நம்மூர் மாடிக்கடையில் 24 தடவையில் ‘நிரந்தரக் குணம்’ எங்கிருந்து வரும்?

கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் அறுவையால் குழிகள் சில வேளை முன்னினும் மோசமாய்த் தெரிவதுண்டு. உணவைக் குறைத்து எடை இறங்கினால் பலருக்கு மேடு தணியும். சிலருக்குத் தோல் தொங்கிக் குழி இன்னும் விளங்கும். நடையும் உடற்பயிற்சியும் தசையை உறுதியாக்கித் தோற்றத்தைச் சற்றுச் சீர்படுத்தலாம். அவற்றை நீரிழிவுக்காகவும் இருதயத்திற்காகவும் செய்வதே எனக்கு நியாயமாய்த் தோன்றுகின்றது. மாத்திரைகளையும் ‘மெலியும் காப்பி’களையும் பற்றித்தான் எனக்கு அச்சம் அதிகம். சிபுட்ராமின் என்னும் பசியடக்கி மருந்து, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் பெருக்குகிறது என்று 2010ம் ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அதே மருந்தைப் பெயர் சொல்லாமற் கலந்த மெலிவுப் பொருள்களை நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கின்றார்கள். தோற்குழிக்கு அஞ்சி இருதயத்தைப் பணயம் வைப்பது என்ன விவேகமோ!

இவ்வளவும் சொல்வதால், பெண்கள் தங்கள் உடம்பை அழகுபடுத்தலாகாது என்று நான் கட்டளையிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். பெண்ணின் உடம்பு பெண்ணுடையது. தான் உழைத்த பணத்தில், செய்யப்படுவது இன்னது, அதன் பயன் இவ்வளவு, அதன் துன்பம் இவ்வளவு என்று அறிந்து ஒருத்தி குழியை நீக்கிக்கொள்வாளாயின் அது அவள் உரிமை. அறிந்து செய்தல் என்பதுதான் கேள்வி. இல்லாத நோயை உண்டென்றும், மாப்பிள்ளை வெறுப்பான் என்றும் பயமுறுத்திக் கையெழுத்து வாங்குவது வியாபாரமாகாது. மாப்பிள்ளையைப் பெற்ற தாய்க்கும் உடன்பிறந்த தங்கைக்கும் அதே தோல்தான் என்பதை அந்த நிலையத்தார் அறியாதவர்களா? பெண்ணைச் சந்தைப் பண்டமாக்கிப் பார்க்கும் நம் பழைய வழக்கத்தின்மேல் அவர்கள் புதிய கடையைக் கட்டியிருக்கின்றார்கள். அவ்வளவுதான்.

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கின்றது என்பது ஆறுதல். 1999ம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், இனிமேல் தவணை தவணையாய் அளிக்கப்படவிருக்கும் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் இடையில் ரத்துச் செய்ய இடந்தருகின்றது. தகராறு வந்தால் பயனீட்டாளர் நியாயமன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மனுவாகக் கொடுக்கலாம். மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. நான் கடிதம் எழுதி, மைத்துனி கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினோம். மீதமிருந்த ஒன்பது தவணைகளையும் அந்நிலையத்தார் பேச்சில்லாமல் நீக்கிவிட்டார்கள். கட்டிய 900 வெள்ளியில் 400 திரும்பிற்று. மனுக் கொடுத்து எஞ்சியதையும் கேட்கலாம் என்றேன். கல்யாண நேரத்தில் அலைச்சல் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

இனி, தோட்டத்தில் நேர்ந்த அந்த இரண்டாவது காரியத்திற்கு வருகிறேன். உண்மையைச் சொன்னால் இதற்காகவே இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். எங்கள் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மையார் ஐம்பது வயதைக் கடந்தவர். பத்தாண்டுகளாக நீரிழிவு உடையவர். ஒருநாள் மட்டையின் முள் கெண்டைக்காலிற் குத்திவிட்டது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்த்தார். மூன்றாம் நாள் கால் சிவந்து, சுட்டு, வீங்கிற்று. ஒரு வெள்ளி கட்டி அரசாங்கக் கிளினிக்கிற் காட்டினார். டாக்டர் மாத்திரை கொடுத்து, இரண்டு நாளைக்கு எம்.சி. எழுதி, மறுபடி வந்து காட்டச் சொன்னார். சீட்டில் வியாதியின் பெயர் ‘செல்லுலைட்டிஸ்’ என்றிருந்தது. அவருடைய மகள் ஐந்தாம் பாரம் வரை படித்தவள், தாய்மேல் உயிரானவள். அச்சொல்லைத் தொலைபேசியில் தேடத் தொடங்கினாள். பாதி எழுதுமுன்னே தொலைபேசி ‘செல்லுலைட்’ என்று தானே நிரப்பிக்கொண்டு படங்களைக் கொண்டுவந்து கொட்டிற்று. இது நோயன்று, மருந்து வேண்டியதில்லை, அழுத்திப் பிடித்துவிட்டால் தேங்கிய நீர் கலையும் என்று அவற்றிற் கேட்டாள். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, இரண்டு இரவு தேங்காய் எண்ணெய் தடவித் தாயின் காலை அழுத்தி நீவி விட்டிருக்கின்றாள்.

எம்.சி. முடிந்தும் அம்மையார் பெரட்டுக்கு வரவில்லை என்று மண்டோர் சொன்னார். சீட்டை எடுத்துப் பார்த்தேன். என் மைத்துனியின் காரியமாய்ப் படித்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. ஆதலால் அச்சொல்லின் வால் என் கண்ணை உறுத்திற்று. ஆங்கிலத்தில் நோய்ப்பெயரின் ஈற்றில் ‘ஐட்டிஸ்’ வந்தால் பெரும்பாலும் அது அழற்சியைக் குறிக்கும். 1873ம் ஆண்டு அகராதியில் பிரஞ்சுக்காரர் குறித்ததும் இதைத்தான். ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டு சொற்களில் ஒன்று அழகு நிலையத்திற்கும் மற்றொன்று ஆஸ்பத்திரிக்கும் போயிற்று. மாலையில் வீட்டிற்குச் சென்று பார்த்தேன். செம்மை முழங்காலைத் தாண்டியிருந்தது. அம்மையார் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். “இது நோயே இல்லை என்று ஒரு டாக்டரே சொல்கிறார், ஐயா” என்று மகள் தொலைபேசியை நீட்டினாள். அந்த டாக்டர் சொன்னதிற் பொய்யில்லை. அவர் சொன்னது வேறொரு சொல்லைப் பற்றி. தோட்டத்து வண்டியில் அன்றிரவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒன்பது நாள் இரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் காலுக்கும் உயிருக்கும் உத்தரவாதமில்லை என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார்.

செல்லுலைட்டிஸ் என்பது கிருமிகள் தோலின் வெடிப்பு வழியாக உட்புகுந்து, தோலையும் அதன் அடித்திசுவையும் அழற்றும் நோய். முட்குத்து, வெட்டுக்காயம், பூச்சிக்கடி, கால்விரல் இடுக்கிற் சேற்றுப்புண், எதுவும் அதற்கு வாசலாகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது எளிதில் வருகின்றது, எளிதில் முற்றுகின்றது. 2019ம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டு வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையேதான் அது மிகுதி. ஆகவே அந்த அம்மையாருக்கு நேர்ந்தது எந்த லயத்திலும் நேரக்கூடும். இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. தோற்குழி பெரும்பாலும் இரு தொடையிலும் இருக்கும், ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும், சுடாது, வலிக்காது. கிருமி அழற்சியோ பெரும்பாலும் ஒரு காலில் வரும். சிவக்கும், சுடும், வலிக்கும், மணிக்கு மணி பரவும். காய்ச்சலும் நடுக்கமும் சேரலாம். கறுத்த தோலிற் சிவப்புத் தெரியாமற் கருஞ்சிவப்பாகவோ, வெறும் வீக்கமும் சூடுமாகவோ இருக்கலாம். கையை வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பின் விளிம்பிற் பேனாவாற் கோடு போட்டு வைத்து, அது கோட்டைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது டாக்டர்களும் செய்யும் வழக்கம். அக்காலை நீவக்கூடாது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தக்கூடாது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இடுப்புக்குக் கீழே இரு கால்களும் ஒரே அளவாய்ப் பருத்து, தொட்டால் வலித்து, இலேசாகத் தட்டினாலும் கன்றி, பாதம் மட்டும் பருக்காமல் இருந்தால், அது ‘லிப்பிடீமா’ என்னும் வேறொரு நோயாயிருக்கலாம். 1940ம் ஆண்டில் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன், ஹைன்ஸ் என்பார் அதை முதன்முதல் விவரித்தனர். பட்டினி கிடந்தாலும் அது எளிதிற் கரைவதில்லை. அதை உடையவளைச் சாப்பாட்டுராமி என்று ஏசுவது பாவம். டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அந்த அம்மையார் இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். முழங்கால் வரை மூடும் ரப்பர்ச் சப்பாத்து இல்லாமல் அவரைக் காட்டுக்குள் விடுவதில்லை என்று மண்டோர் சொல்லிவிட்டார். இப்போது பெரட்டு முடிந்ததும் எம்.சி. சீட்டோடு ஆபீஸ் ஜன்னலண்டை வந்து, “என்ன எழுதியிருக்கிறது, ஐயா?” என்று கேட்கும் பெண்கள் நாலைந்து பேர் இருக்கின்றார்கள். படித்துச் சொல்கிறேன். டாக்டரின் எழுத்து விளங்காத இடத்தில் கிளினிக்கிற்கே பேசிக் கேட்டுச் சொல்கிறேன்.